உதட்டை மட்டும் அசை



பெங்களூரிலிருந்து ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதிய கடிதம் என் மேஜையின்மேல் இருக்கிறது. "பள்ளி இசைக்குழுவுக்கு என்னைத் தலைவியாக நியமித்திருக்கிறார்கள். இது ஆண்டவர் தந்த உயர்வு என்று அம்மா சபையில் சாட்சி சொன்னார்கள். ஆனால் குழுவிலுள்ள ஒரு பையனுக்குச் சுருதி சேருவதே இல்லை. போட்டி நெருங்குகிறது. அவனை நீக்கிவிடட்டுமா, அங்கிள்?"

மகளே, பதில் சொல்லுமுன் என் குற்றம் ஒன்றை அறிக்கையிட வேண்டியிருக்கிறது.

1986-ஆம் ஆண்டு, பம்பாயில் ஒரு பள்ளியில் நானும் உன்னைப்போல் இசைக்குழுத் தலைவனாயிருந்தேன். என் வகுப்புத் தோழன் ஒருவன் அதுவரை இனிமையாகப் பாடியவன். திடீரென்று அவன் குரல் பிசிறத் தொடங்கியது. போட்டிக்கு முந்தின நாள், எல்லார் முன்பாகவும் அவனிடம், "நீ பாடாதே, உதட்டை மட்டும் அசை" என்றேன். அவன் மறுத்துப் பேசவில்லை. மறுநாள் அப்படியே செய்தான். பரிசு கிடைத்தது. கோப்பையை நான்தான் மேடையேறி வாங்கினேன்.

2011-ஆம் ஆண்டு, தானேயில் ஒரு திருமண ஆராதனையில் அவனைக் கண்டேன். சபையார் கைதட்டிப் பாடிக்கொண்டிருந்தார்கள். அவன் உதடுகள் அசைந்தன; சத்தம் வரவில்லை. ஆராதனை முடிந்ததும் அவன் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் பழைய கதை" என்று சிரித்தான். சற்றுப் பொறுத்து, "என் மகளுக்குத் தாலாட்டுக்கூட நான் பாடினதில்லை" என்றான். அந்தக் கோப்பை இன்று எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. அந்த வார்த்தையை மாத்திரம் மறக்கக் கூடவில்லை.

அவனுக்கு நேர்ந்தது என்னவென்று அன்று நான் அறியவில்லை. ஏறத்தாழ 12 வயதுமுதல் 15 வயதுக்குள் ஆண்பிள்ளைகளின் குரல்வளை வேகமாய் வளருகிறது. குரல் சுமார் ஒரு ஸ்தாயி கீழே இறங்குகிறது. அந்த நாட்களில் குரல் சொன்னபடி கேளாது. அது தாலந்து பறிபோனதன் அடையாளம் அல்ல, வளர்ச்சியின் அடையாளம்.

வேதத்தில் 1 நாளாகமம் 25-ஆம் அதிகாரத்தை வாசித்துப் பார். ஆலய இசைக்கென்று தாவீது ஏற்படுத்திய பாடகர் 288 பேர். வகுப்புக்குப் பன்னிருவராக 24 வகுப்புகள். அவர்கள் கற்பிக்கப்பட்டுத் தேர்ந்தவர்கள் என்று 7-ஆம் வசனம் காட்டுகிறது. ஆகவே தேர்ச்சி வேண்டும். அதை அலட்சியம்பண்ண வேண்டாம். ஆனால் அடுத்த வசனத்தைக் கவனி: முறை வகுக்கச் சீட்டுப் போட்டபோது பெரியவன், சிறியவன், கற்பிப்பவன், கற்பவன் என்ற வித்தியாசம் பார்க்கப்படவில்லை. 15-ஆம் அதிகாரத்தில் வரும் கெனானியாவும் பாட்டில் நிபுணனாயிருந்தபடியால் மற்றவர்களுக்குக் கற்பித்தான். அவனுடைய நிபுணத்துவம் பிறரை வெளியே தள்ளுவதற்கு அல்ல, உள்ளே சேர்ப்பதற்கே பயன்பட்டது.

ஆகையால் மகளே, அந்தப் பையனை நீக்குமுன் இவற்றைச் செய்து பார். மற்றவர்கள் போனபின் அவனைப் பாடச்சொல்லி, எந்தச் சுரங்களில் அவன் குரல் வருத்தமின்றி நிற்கிறதென்று கேள். அதே மெட்டை ஒரு ஸ்தாயி கீழே பாடவிடு. குழு முழுவதற்குமே சுருதி உயரமாயிருந்தால், கீபோர்டில் ஓரிரு கட்டை குறைத்துக்கொள். கடினமான அடிகளில் அவன் தாளம் பிடிக்கட்டும். எளிய அடிகளில் வாய்திறந்து பாடட்டும். திருத்த வேண்டியதைத் தனிமையில் திருத்து. பாராட்ட வேண்டியதை எல்லார் முன்பாகவும் பாராட்டு. தனிப்பாட்டு எப்போதும் உனக்கே, அல்லது உன் சிநேகிதிகளுக்கே வருகிறதா என்றும் உன்னையே சோதித்துப் பார்.

இத்தனைக்குப் பின்னும் பரிசு தவறிப்போகலாம். போகட்டும். உன் தாயார் சொன்ன சாட்சி தலைவியானதோடு முடிந்துவிடலாகாது. அந்தப் பையன் தன் வீட்டில் பயமின்றிப் பாடுவானானால், அதுவே உன் சாட்சி.

பெற்றோரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை வீடு திரும்பியதும், "உனக்கு என்ன கிடைத்தது?" என்று மட்டும் கேளாதிருங்கள். "இன்று யாருக்கு இடம் கொடுத்தாய்?" என்றும் கேளுங்கள்.

ஜெபம்: ஆண்டவரே, என் சொல்லால் மௌனமாய்ப்போன குரல் உண்டானால் அதை எனக்குக் காண்பியும். அவர்களிடத்தில் போய் மன்னிப்புக் கேட்க எனக்குத் தாழ்மையைத் தாரும். இயேசுவின் நாமத்தில், ஆமென்.