மௌனம் இருவகை

தாயகம் விட்டு வந்தோர்க்குத் தமிழ்ப் படைப்பு கைகூடாது என்பார் உளர். இக்கூற்றை யாம் மறுக்கின்றோம். 1908 முதல் 1918 வரை பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுவையில் அடைக்கலம் புகுந்து வாழ்ந்த பாரதி, 'கண்ணன் பாட்டு', 'குயில் பாட்டு', 'பாஞ்சாலி சபதம்' ஆகியவற்றைப் படைத்தது எங்ஙனம்? மேடை முழக்கம் ஓய்ந்த இடத்தே தோப்பின் அமைதி அவர்க்குத் துணை நின்றது.

மல்லேஸ்வரத்தில் நமக்கும் சாங்கி ஏரிக்கரையின் விடியற்பொழுது உண்டு. கன்னடம் ஒலிக்கும் தெருவில் நடக்குந்தோறும் நம் நெஞ்சில் தமிழ் தனித்துக் கேட்கிறது. அத்தனிமை பேறேயன்றிக் குறையன்று.

ஆயின், எழுதுவோன் மௌனம் வேறு. இல்லத்தில் தமிழ் ஊமையாதல் வேறு. முன்னது கருவறை, பின்னது கல்லறை. பிள்ளைகளோடு தமிழில் பேசுவோம். பின்னர்த் தனித்திருந்து எழுதுவோம்!