காதலுக்கு மாதம் 484 டாலர்

அமெரிக்காவில் உடற்குறைபாட்டால் வேலைக்குப் போய்ச் சம்பாதிக்க முடியாத, கையில் சேமிப்பும் இல்லாத ஒருவருக்கு மத்திய அரசு மாதாமாதம் தரும் உதவித்தொகைக்கு எஸ்.எஸ்.ஐ. என்று பெயர். நிக்சன் 1972இல் கையெழுத்திட்ட சட்டம், 1974 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. 2025இல் ஒருவருக்கு மத்திய அரசு தந்த அதிகபட்சத் தொகை 967 டாலர். அப்படிப் பணம் பெறும் இரண்டு மாற்றுத்திறனாளிகள் தம்பதியாக வாழ்ந்தால் 1,934 டாலர் வந்திருக்கணும், இல்லையா? வரவில்லை. 1,450தான். சேர்ந்து வாழ்ந்ததற்காக மாதம் 484 டாலர் பிடித்தம்.

கல்யாணம் பண்ணிக்காம சும்மா சேர்ந்து இருக்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். விதி அதையும் யோசித்து வைத்திருக்கிறது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஊராரிடம் கணவன் மனைவியாகக் காட்டிக்கொண்டால், சான்றிதழ் இல்லாவிட்டாலும் தம்பதிதான். அதைக் கண்டுபிடிக்க ஒரு படிவமே இருக்கிறது. இவரை மற்றவர்களிடம் எப்படி அறிமுகப்படுத்துவீர்கள், உங்களுக்குத் தபால் எந்தப் பெயரில் வருகிறது, வாடகை ஒப்பந்தத்தில் யார் பெயர் என்றெல்லாம் கேட்பார்கள். 'ரூம்மேட்' என்று சொல்லி வாழ்ந்தால் முழுத்தொகை. 'என் வீட்டுக்காரர்' என்று சொல்லி வாழ்ந்தால் வெட்டு. சென்னையில் வீடு தேடும் ஜோடி ஹவுஸ் ஓனரிடம் சொல்லும் பொய்யை அங்கே அரசாங்கத்திடம் சொல்லத் தோன்றும். ஓனரிடம் மாட்டினால் வீடு போகும். அரசாங்கத்திடம் மாட்டினால் பழைய மாதங்களில் கொடுத்ததையும் திருப்பிக் கேட்பார்கள்.

இந்த விதிக்கு ஆதரவாக எப்போதும் சொல்லப்படும் வாதம் ஒன்றுதான்: இருவர் சேர்ந்தால் செலவு குறையுமே. சரி, குறையட்டும். மாற்றுத்திறனாளிகளான அக்காவும் தங்கையும் ஒரே வீட்டில் இருந்து, வாடகையில் தத்தம் பங்கைக் கொடுத்துவந்தால் ஆளுக்கு முழுத்தொகை கிடைக்கும். அதே அடுப்பு, அதே கரண்ட் பில், அதே ஃபிரிட்ஜ். அக்கா தங்கை மிச்சம் பிடித்தால் அது அவர்கள் காசு. காதலர்கள் மிச்சம் பிடித்தால் அரசு வந்து எடுத்துக்கொள்கிறது. செலவுக்கணக்கு என்பது சாக்குதான். உறவைத்தான் எடைபோடுகிறார்கள்.

நான் பிழைப்புக்கு கோட் எழுதுகிறவன். எந்த விதியைப் படித்தாலும் உள்ளே எந்த எண்ணை நேரடியாக எழுதிவைத்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் கண் போகும். எஸ்.எஸ்.ஐ. விதியில் அப்படிச் சில எண்கள் உறைந்துகிடக்கின்றன. எந்த வருமானமாக இருந்தாலும் கணக்கில் சேர்க்காமல் விடும் முதல் 20 டாலர், 1974இல் எவ்வளவோ இன்றும் அவ்வளவே. தனி ஆள் வைத்திருக்கக்கூடிய சேமிப்பு 2,000 டாலர், தம்பதிக்கு 3,000. இது 1989இலிருந்து அசையவில்லை. இங்கேயும் பாருங்கள், இரண்டு பேர் சேர்ந்ததும் 4,000 என்பது 3,000 ஆகிவிடுகிறது. யாரோ மறந்துவிட்டார்கள் என்று தள்ளிவிட முடியாது. விலைவாசிக்கேற்ப உதவித்தொகையை ஏற்றும் ஏற்பாடு இதே திட்டத்துக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த எண்களை மட்டும் அதோடு இணைக்கவில்லை. சேமிப்பு வரம்பை 10,000, 20,000 என்று உயர்த்த 2022இல் செனட்டர்கள் பிரௌனும் போர்ட்மனும் கொண்டுவந்த மசோதாவும் நிறைவேறவில்லை.

துணை உடல்நலத்தோடு வேலைக்குப் போகிறவராக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். அவர் சம்பளத்தில் ஒரு பகுதி இவருடைய வருமானமாகக் கருதப்படும். குழந்தை இல்லை, வேறு வருமானமும் இல்லை என்று வைத்துக்கொண்டால், 2025இல் துணை மாதம் 2,985 டாலர் சம்பாதித்தாலே இவருடைய மத்திய உதவித்தொகை பூஜ்யமாகிவிட்டது. மணிக்கு 18 டாலர் கூலிக்கு முழுநேரம் நிற்கிற ஒருவர் அந்த எல்லையைத் தாண்டியிருப்பார். பணக்காரரைக் கட்டிக்கொண்டவர்களைப் பற்றிய விதி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

பணம் போவதோடு முடிவதில்லை. பெரும்பாலான மாநிலங்களில் எஸ்.எஸ்.ஐ. வாங்குபவருக்கு மெடிக்கெய்டும் கிடைக்கும். காலையில் குளிப்பாட்டி, உடை மாற்றி, சக்கர நாற்காலியில் உட்காரவைக்கும் உதவியாளருக்கான நீண்டகாலச் செலவைத் தருவது பெரும்பாலும் மெடிக்கெய்ட்தான். அலுவலகக் காப்பீடுகள் பொதுவாக அதைத் தொடுவதில்லை. எஸ்.எஸ்.ஐ. போய், அதோடு மெடிக்கெய்டும் போனால் அந்த உதவியாளரும் போவார். அப்புறம் காதலிப்பவரே சம்பளமில்லாத உதவியாளர். துணையின் சம்பளம் துணையின் வங்கிக் கணக்கில்தான் விழுகிறது, அரசின் ஏட்டில் மட்டும் அது இவருடையது. ஒரு சோப்பு வாங்கவும் இனி அவரிடம்தான் கேட்க வேண்டும். அவர் நல்லவர் என்றால் சரி. கை ஓங்குகிறவர் என்றால்? பிரிந்துபோய்த் தனியாக இருந்தால் மறுபடியும் விண்ணப்பிக்கலாம் என்கிறது சட்டம். பிரிந்துபோகப் பஸ்ஸுக்குக் காசு வேண்டாமா?

நீதிமன்றம் காப்பாற்றவில்லையா என்றால், ஜாப்ஸ்ட் என்பவரின் வழக்கைச் சொல்ல வேண்டும். பிறவியிலிருந்தே பெருமூளை வாதம். இறந்துபோன தந்தையின் கணக்கிலிருந்து, எஸ்.எஸ்.ஐ.க்கு முந்திய இன்னொரு திட்டத்தில், உதவித்தொகை பெற்றுவந்தார். 1970இல் கல்யாணம் செய்துகொண்டார். மனைவியும் பெருமூளை வாதத்தோடு வாழ்பவர்தான். ஆனால் அதே சட்டத்தின்கீழ் உதவித்தொகை பெறுபவர் இல்லை. அதனால் ஜாப்ஸ்டின் தொகை நின்றது. 1977இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அரசின் பக்கம் நின்றது. கல்யாணமானவர் பெற்றோரைச் சார்ந்திருக்கும் வாய்ப்பு குறைவு, பொதுவிதி என்றால் சிலருக்குக் கஷ்டம் வரத்தான் செய்யும் என்பது தீர்ப்பின் சாரம். அந்த விதி இன்றும் பெருமளவு அப்படியே இருக்கிறது.

வேறு வழியே கிடையாதா? பிரிட்டனில் 'பிப்' என்ற உதவித்தொகை, குறைபாட்டால் ஒருவர் படும் சிரமத்தை மட்டுமே பார்க்கிறது. துணை இருக்கிறாரா, எவ்வளவு சம்பாதிக்கிறார் என்று கேட்பதில்லை. அதே பிரிட்டன் யூனிவர்சல் கிரெடிட்டில் ஜோடியைச் சேர்த்துத்தான் கணக்கிடுகிறது, மறைக்கவில்லை. ஆனாலும் ஆளை ஆளாகப் பார்க்கும் ஒரு திட்டத்தை ஒரு அரசால் நடத்த முடியும் என்பதற்கு 'பிப்' போதும்.

எனக்குப் பெரிய சீர்திருத்தக் கனவெல்லாம் இல்லை. தம்பதிக்கென்று தனித்தொகை, தனிச்சேமிப்பு வரம்பு இரண்டையும் எடுத்துவிடுங்கள். துணையின் சம்பளத்தை இவர் பெயரில் எழுதாதீர்கள். கூட இருப்பவரை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார் என்று கேட்கும் அந்தப் படிவத்தைக் கிழித்துப்போடுங்கள். கால் நடக்காததற்காகக் கொடுத்த பணம் அது. பக்கத்தில் ஒருவர் வந்து படுத்துக்கொண்டதால் கால் நடந்துவிடவில்லை.