வேலியோரம் நின்றவர்

2016 கார்த்திகை (நவம்பர்) 27, மாவீரர் நாள். கிளிநொச்சி கனகபுரம் மாவீரர் துயிலும் இல்லத்தில் ஆண்டுக்கணக்காக மண்டியிருந்த பற்றையைச் சனம் வெட்டித் துப்புரவாக்கி விளக்கேற்றியது. போர் முடிந்ததும் இராணுவம் இடித்துப்போட்ட கல்லறைகளின் துண்டுகள் ஒரு பக்கமாகக் குவிந்து கிடந்தன. "இந்த வரிசையிலதான் என்ர பிள்ளை" என்று நிதானித்து ஆளுக்கோர் இடத்தில் அம்மாமார் உட்கார்ந்திருந்தார்கள்.

எல்லோருக்கும் பின்னால், வேலியோரம், ஒரு பெண் நின்றார். ஜெய்ப்பூர் கால். சேலைக் கரைக்குக் கீழே அந்த ரப்பர் பாதம் மழைச் சேற்றில் பாதி புதைந்திருந்தது. அங்கே விதைக்கப்பட்டவர்களோடு ஒரே பங்கரில் இருந்தவர். யார் எப்படி விழுந்தார்கள் என்று பெற்றவர்களைவிடவும் அவருக்குத் தெரியும். முன்னுக்கு வாங்கோ என்று ஒருவரும் அவரைக் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை.

2009 மே மாதத்தோடு ஏறக்குறைய 12,000 புலிப் போராளிகளைப் புனர்வாழ்வு என்ற பெயரில் அரசு அடைத்து வைத்தது. அவர்கள் விடுபட்டு ஊருக்கு வந்தபோது நாம் என்ன செய்தோம்? "சயனைட் குப்பி கடிக்காமல் ஏன் வந்தவை?" என்று குசினிக்குள் இருந்து கதைத்தோம். தடுப்பில் இருந்த பிள்ளை என்று சாதகத்தைத் திருப்பிக் கொடுத்தோம். சி.ஐ.டி. வந்துபோகிற வீடு என்று படலை தாண்டாமல் ஒதுங்கினோம். அந்தப் பயம் பொய்யில்லை. ஆனால் லண்டனிலும் டொரண்டோவிலும் இருந்த நம்மிடம் எந்தச் சி.ஐ.டி. வந்தான்? அங்கேயிருந்தும்தானே துரோகி என்ற சொல்லை அனுப்பினோம்.

1989 முதல் மாவீரர் நாளை நாம் மறந்ததில்லை. படத்துக்கு மாலை, சுடர், கார்த்திகைப் பூ எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. படத்தில் இருப்பவர் நம்மை மறுத்துப் பேசமாட்டார். உயிரோடு இருப்பவரைப் பேசவிட்டால் ஆனையிறவு வெற்றி மட்டும் வராது. புலிகள் பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கட்டாயமாகப் பிடித்துக்கொண்டு போனதும் வரும். 1990இல் வடக்கு முஸ்லிம்களை விரட்டியதும் வரும். பிள்ளையைப் பதுக்கிய வீடும், அயல் வீட்டுச் சனம் வெளியேறும்போது பார்த்துக்கொண்டு நின்ற தெருவும் நம்முடையவை என்பதும் வரும். அதனால்தான் நாம் கேட்கவில்லை.

புலிகளின் மகளிர் அரசியல் துறைப் பொறுப்பாளராக இருந்த தமிழினி 2015இல் புற்றுநோயால் இறந்தார். அடுத்த ஆண்டு அவருடைய தன்வரலாறு 'ஒரு கூர்வாளின் நிழலில்' வெளிவந்தது. படித்து முடிக்குமுன்பே, அது அவர் எழுதியதுதானா என்று சண்டை பிடித்தோம். அவர் சிறையிலிருந்து வந்து வீட்டில் இருந்த காலத்தில் பக்கத்தில் போய் உட்கார்ந்து கேட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்?

தெற்கில் சிப்பாய்க்கு 'ரணவிரு' (போர் நாயகன்) என்று பட்டம் கொடுத்துத் தூபி கட்டிய அரசு, அவன் கண்டது எதையும் அவன் வாயால் வரவிடவில்லை. நமக்கு அரசு இல்லை. அதே வேலையை நம் ஊர்களே செய்துமுடித்தன.

அன்றைக்குச் சுடர்கள் அணையத் தொடங்கியபின் அந்தப் பெண் கற்குவியலடிக்கு வந்தார். குனியக் கஷ்டப்பட்டு ஒரு துண்டை எடுத்து, சேற்றை முந்தானையால் துடைத்தார். அதில் பெயரின் பாதிதான் இருந்தது. மிச்சத்தை வாய்க்குள் சொல்லிக்கொண்டார். நான் இரண்டடி தள்ளித்தான் நின்றேன். என்ன பெயர் என்று கேட்கவில்லை.