நம் முகத்தின் நிறத்தை முடிவு செய்வது யார்?

இவ்வாண்டு தைப்பூசத்தன்று பல்கலைக்கழகச் சங்கத்திற்காக நானும் ஒரு தோழியும் தண்ணீர்மலைப் படிகளில் படமெடுத்தோம். ஒரே கேமரா, ஒரே வெயில். ரா கோப்புகளைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டோம். அவள் சந்தா கட்டும் மென்பொருளில் திருத்தினாள், நான் இலவச மென்பொருளில். சேர்த்துப் பார்த்தால், பால்குடம் ஏந்திய ஒரே அக்கா இரண்டு பேராகத் தெரிந்தார்! ஒன்றில் முகம் சிவந்து வெளுத்திருந்தது. மற்றதில் சாம்பல் பூசியதுபோல் இருந்தது. மஞ்சள் சேலையோ ஒன்றில் ஆரஞ்சு, மற்றதில் எலுமிச்சை.

எது சரி என்று சண்டை போட்டோம். இரண்டுமே தவறு.

ரா கோப்பில் நிறம் இன்னும் முடிவாகவில்லை. சென்சரின் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றில் ஏதேனும் ஒரு வடிகட்டி வழியே வந்த ஒளியின் அளவை மட்டுமே பதிகிறது. அந்த எண்களை நிறமாக்குவது மென்பொருள். இந்தக் கேமராவின் சிவப்பு எந்தச் சிவப்பு என்று அதற்குச் சொல்வது 'புரொஃபைல்'. லைட்ரூம், கேப்சர் ஒன், டார்க்டேபிள் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு கணக்கு வைத்திருக்கிறது.

அப்படியானால் நாம் தொடாமல் விடும் நிறமும் எங்கோ ஒருவர் எடுத்த முடிவுதானே? ஃபிலிம் காலத்தில் கோடாக்கின் 'ஷெர்லி' அட்டையில் இருந்தவர் வெள்ளைக்காரப் பெண். அவர் முகம் நன்றாக வந்தால் அச்சு சரி என்று பொருள். கறுத்த முகங்கள் இருட்டில் மறைந்தன. மரச்சாமான், சாக்லேட் விளம்பரக்காரர்கள் குறை சொன்ன பிறகே பழுப்பு நிறங்கள் மேம்பட்டன என்கிறார்கள். நாற்காலிக்குக் கிடைத்த மரியாதை!

நண்பர்களே, இதற்கு வழி இருக்கிறது. 1976இல் வந்த கலர்செக்கர் அட்டையில் 24 நிறக் கட்டங்கள் உண்டு. அவற்றில் முதல் கட்டமே கறுத்த தோலின் நிறம். காலை வெயிலில் ஒன்று, தண்ணீர்ப்பந்தலின் நிழலில் ஒன்று என்று ஒளி மாறும் இடங்களில் அந்த அட்டையையும் படமெடுத்து, அதிலிருந்து புரொஃபைல் செய்துகொண்டால், எந்த மென்பொருளிலும் நிறங்கள் ஏறக்குறைய ஒத்துவரும். திரையையும் அளவுகருவி வைத்துச் சரிசெய்ய வேண்டும். கைப்பேசிக்கும் சாதாரண அச்சுக்கும் எஸ்ஆர்ஜிபியில் சேமிப்பதே பாதுகாப்பு. நான் அடோபி ஆர்ஜிபியில் அனுப்பி, அச்சில் செவ்வந்தி மாலை சோர்ந்துபோய் வந்தது. அது என் தவறு.

"ஃபில்டர் போடும் காலத்தில் இதெல்லாம் எதற்கு?" என்கிறார்கள். விருப்பப்பட்டு ஃபில்டர் போடுவது வேறு, தெரியாமலே ஒருவரின் நிறத்தை மாற்றுவது வேறு. "கொஞ்சம் வெளுப்பாக்கிக் கொடு" என்று நம்மவர்களே கேட்பதற்கு எந்த அட்டையும் மருந்தில்லை. நான் இப்போதெல்லாம் மறுத்துவிடுகிறேன். இரண்டு பேர் கோபித்துக்கொண்டார்கள்.

அடுத்த தைப்பூசத்திற்குள் அந்த அட்டையை வாங்கித் தரும்படி சங்கத்தில் கேட்டிருக்கிறோம். புது லென்ஸ் வாங்கலாமே என்கிறார் பொருளாளர்.