கூரையைத் தெருவில் நின்று அளக்கலாமா?

மதிப்பிற்குரிய வருவாய் நிர்வாக ஆணையர் அவர்களுக்கு,

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மலையோரக் கிராமம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். சித்திரையும் வைகாசியும் எங்களுக்கு மாங்காய்க் காலம். ஆலங்கட்டி மழைக்கும் அதுதான் காலம். பகலெல்லாம் வெயில் கொளுத்தும். பிற்பகலில் வானம் கறுக்கும், காற்று சுழற்றி அடிக்கும், கால் மணி நேரம் கல் கொட்டித் தீர்த்துவிட்டுப் போகும். ஓசூர்ப் பக்கத்து ரோஜாக் குடில்கள் கிழிந்ததும் தக்காளியும் மாவும் உதிர்ந்ததும் மறுநாள் நாளேட்டில் வரும். அவற்றுக்குக் கணக்கெடுப்பும் உண்டு. தோட்டக்கலை அலுவலரும் வருவாய்த் துறையினரும் வயலுக்குள் இறங்கி, இழப்பு 33 சதவீதத்தைத் தொடுகிறதா என்று பார்ப்பார்கள். நான் எழுதுவது வீட்டுக் கூரையைப் பற்றி.

புயல், வெள்ளம், சுனாமி ஆகியவற்றோடு ஆலங்கட்டி மழையும் பேரிடர்தான் என்று ஒன்றிய அரசின் பட்டியலே சொல்கிறது. 2022–26 காலத்துக்கான நிவாரண விதிமுறைப்படி, பகுதி சேதமடைந்த பக்கா வீட்டுக்கு 6,500 ரூபாய், கச்சா வீட்டுக்கு 4,000 ரூபாய். சேதம் குறைந்தது 15 சதவீதம் இருக்க வேண்டும். தொகை போதுமா என்ற வழக்கை இப்போது நான் எடுக்கவில்லை. அந்த 15 சதவீதத்தைத் தீர்மானிப்பது யார், எங்கே நின்றுகொண்டு என்பதுதான் என் கேள்வி. மொத்த வீட்டில் 15 சதவீதமா, கூரையில் 15 சதவீதமா என்பதற்கே ஊருக்கு ஊர் ஒரு விளக்கம் கேட்கிறோம்.

நடைமுறையில் கிராம நிர்வாக அலுவலர் (வி.ஏ.ஓ.) வருவார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். இரண்டு மூன்று கிராமங்களைச் சேர்த்துப் பார்ப்பவர், கையில் ஏணி கிடையாது, கூரையைப் பற்றிப் பயிற்சியும் கிடையாது. தெருவில் நின்று அண்ணாந்து பார்த்து எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். ஆனால் ஆலங்கட்டி நேர் கீழே விழுவதில்லை. காற்று எந்தப் பக்கமிருந்து அடித்ததோ அந்தப் பக்கத்துச் சரிவுதான் முழு அடியையும் வாங்கும். மறு சரிவு ஒன்றுமே நடக்காதது மாதிரி இருக்கும். அடி வாங்கிய சரிவு கொல்லைப் பக்கம் இருந்தால், அந்த வீட்டுக்குப் பதிவேட்டில் சேதமில்லை.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட வீடுகளின் நிலைமை இன்னும் மோசம். ஓட்டை விழுந்தால் குழந்தைக்கும் தெரியும். ஓட்டை விழாத ஷீட்டில்தான் ஏமாற்றம். மேலிருந்து அடி விழும்போது ஷீட் கீழ்நோக்கி வளைகிறது, இழுபடுவது அடிப்பக்கம், ஆகவே விரிசல் முதலில் வாய் திறப்பதும் அங்கேதான். மேலே பார்த்தால் வெளிறிய தழும்பு ஒன்று இருக்கலாம், அவ்வளவே. வீட்டுக்குள் நின்று பார்த்தால் அடிபட்ட இடத்திலிருந்து நாலா பக்கமும் கீறல் ஓடியிருக்கும். வருஷக்கணக்கில் வெயில் தின்ற ஷீட் என்றால் கேட்கவே வேண்டாம்.

மங்களூர் ஓட்டில் மூலை சிதறும். அல்லது ரீப்பரில் மாட்டி நிற்கிற பின்பக்க மூக்கு உடையும். மூக்கு உடைந்த ஓடு அன்றைக்கு அசையாது, அடுத்த காற்றில் சறுக்கும். முகட்டு ஓட்டுச் சாந்து விட்டுப்போவதும் அப்படித்தான். மாடி வீட்டுக்காரர்களுக்கு இந்தக் கவலைகள் இல்லை. தழையும் கல்லும் சேர்ந்து தண்ணீர் போகும் வாயை அடைத்திருந்தால் எடுத்துவிட வேண்டும்.

ஆகவே ஐயா, ஆய்வு வீட்டுக்குள் தொடங்கட்டும். பகல் வெளிச்சத்தில் கதவு ஜன்னலைச் சாத்திவிட்டு ஐந்து நிமிடம் அண்ணாந்து பார்த்தால் போதும். ஊசி முனையளவு வெளிச்சம் வரும் இடமெல்லாம் ஓட்டை. கைமரத்தில் புதிய ஈரக்கறை, சுவரில் இறங்கிய கோடு, ஷீட்டைப் பிடிக்கும் போல்ட்டைச் சுற்றிய விரிசல் எல்லாம் தரையிலிருந்தே தெரியும். எத்தனை ஷீட்டில் எத்தனை அடிபட்டது என்று எண்ணி எழுதினால் 15 சதவீதம் வெறும் கணக்காகிவிடும்; யாருடைய தயவும் வேண்டியதில்லை.

கல்லின் அளவையும் யாரும் குறிப்பதில்லை. நெல்லிக்காய் என்பார் ஒருவர், எலுமிச்சை என்பார் இன்னொருவர். ஊர்ப்பேச்சு என்று இதை ஒதுக்க வேண்டாம். விட்டம் இரு மடங்கானால் எடை எட்டு மடங்கு. விழும் வேகமும் கூடுவதால் இடிக்கும் ஆற்றல் ஏறத்தாழ 16 மடங்காகிறது. கரைவதற்குள் ஒரு ரூபாய் நாணயத்தைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளும்படி மக்களிடம் முன்கூட்டியே சொன்னால், எந்தக் கூரை தாங்கியிருக்காது என்பதற்கு அதுவே சாட்சி.

படம் என்றதும் முக்கியமான இன்னொன்று. அதிகாரி வந்து பார்க்கும் வரை கூரையை மூடக்கூடாது என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. ‘சரி பண்ணிட்டா காசு வராது’ என்பார்கள். அதனால் தார்ப்பாய் வீட்டிலேயே இருந்தும் போடாமல், இரண்டாம் நாள் மழையில் அரிசி மூட்டையும் பிள்ளைகளின் புத்தகமும் நனைந்த வீடுகள் உண்டு. இந்த நம்பிக்கையை வளர்த்தது நம் நடைமுறைதான். உடனே மூடியவருக்கு நஷ்டம், காத்திருந்தவருக்குப் பணம் என்றால் யார்தான் மூடுவார்கள்? மூடும் முன் கைபேசியில் எடுத்த, நாளும் நேரமும் பதிந்த படம் செல்லும் என்று ஓர் உத்தரவு போதும்.

கூரைமேல் ஏறுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். பழைய ஷீட்டில் நேராகக் கால் வைத்தால் உடைந்து ஆள் உள்ளே விழுவார். அடிபட்ட ஷீட் அதைவிட ஆபத்து. ஏறியே ஆகவேண்டும் என்றால் சட்டத்தின்மேல் பலகை போட்டு, அதன்மேல்தான் நகர வேண்டும். உடைந்த துண்டுகளை ரம்பத்தால் அறுப்பதும் உலர்ந்தபடியே பெருக்குவதும் கூடாது. அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு. நனைத்துத்தான் அள்ள வேண்டும். நாலு வரியில் அச்சிட்டு ரேஷன் கடைச் சுவரில் ஒட்டக்கூடிய செய்தி இது.

கடைசியாக, ஒரே ஆய்வோடு கோப்பை மூடாதீர்கள். கோடையில் விழுந்த கீறல் ஒழுகத் தொடங்குவது பெரும்பாலும் ஐப்பசி அடைமழையில். அதற்குள் பட்டியல் முடிந்து பணமும் பட்டுவாடா ஆகியிருக்கும். தாலுகா அலுவலகத்துக்குப் போனால், எப்போதோ அடித்த கல்லுக்கு இப்போது மனுவா என்று கேட்பார்கள். முதல் ஆய்வில் ‘கீறல் உள்ளது, 15 சதவீதத்துக்குக் குறைவு’ என்று பதிவான வீடுகளையாவது வடகிழக்குப் பருவமழை தொடங்கியபின் மறுபடி பார்க்க விதி வேண்டும்.

இவை எதற்கும் புதுச் சட்டம் தேவையில்லை, பெரிய நிதியும் தேவையில்லை. உள்ளே நின்று பார், இரண்டு சரிவையும் பார், படத்தை ஏற்றுக்கொள், மழைக்குப் பின் திரும்பி வா என்று ஒரு பக்கச் சுற்றறிக்கை. அடுத்த சித்திரைக்கு முன் அது எங்கள் வி.ஏ.ஓ. கையில் இருக்கும்படி செய்யுங்கள்.

இப்படிக்கு,
ஓட்டு வீட்டுக்காரர் ஒருவர்,
கிருஷ்ணகிரி மாவட்டம்