கலர் பூசும் முன்பே புள்ளி போடுங்கள்

 

சிறுவர் தினம், பொங்கல், மீலாத் விழா என்று எது வந்தாலும் எங்கள் ராகலைப் பக்கம் ஒரு சித்திரப் போட்டி இருக்கும். சிலவற்றில் நானும் நடுவராக உட்கார்ந்திருக்கிறேன். பரிசு யாருக்குப் போகிறது? பெரும்பாலும் 36 கலர் பஸ்டல் பெட்டி வைத்திருக்கும் பிள்ளைக்கு. லயத்திலிருந்து வரும் பிள்ளை அண்ணன் பாவித்து மிஞ்சிய 12 கலர் பெட்டியோடு வரும். அதில் பச்சையும் நீலமும் எப்போதோ முடிந்திருக்கும். மலையையும் வானத்தையுமே வரையும் ஊரில் வேறு எது முதலில் முடியும்?

இதற்கு காமிக்ஸ் ஓவியர்களின் வேலை ஒழுங்கில் ஒரு வழி இருக்கிறது.

நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கு இரும்புக்கை மாயாவியை ஞாபகம் இருக்கும். 1972இல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழாக வந்தது அந்தக் கதைதான். இங்கிலாந்தின் வாலியன்ட் வார இதழுக்காக அதை வரைந்தவர் ஹெசூஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பெயின்காரர். வெறும் கறுப்பு வெள்ளை. ஆள் மறைந்து கை மட்டும் தெரியும் அந்தப் படங்களைப் பார்த்துப் பயந்த நாங்கள் யாராவது கலர் இல்லையே என்று குறைபட்டோமா?

காமிக்ஸ் பக்கம் ஒன்று எப்படி உருவாகிறது என்று பாருங்கள். முதலில் கதையைப் பக்கம் பக்கமாகப் பிரிப்பார்கள். பிறகு தீப்பெட்டி அளவுக் கட்டங்களில் கிறுக்கல். எந்தக் கட்டம் பெரிது, ஆளைக் கிட்டத்தில் காட்டுவதா தூரத்தில் காட்டுவதா என்பதெல்லாம் இங்கேதான் முடிவாகிறது. என்னைக் கேட்டால் மொத்த வேலையில் மூளை அதிகம் ஓடும் இடம் இந்தக் கிறுக்கல்தான். பேச்சு எழுதும் இடத்தையும் அப்போதே ஒதுக்க வேண்டும், இல்லாவிட்டால் பிறகு வசனம் ஆளின் தலையை மறைத்துவிடும். அடுத்து பெரிய தாளில் பென்சில். அச்சாகும் அளவைவிடப் பெரிதாக வரைந்து சிறிதாக்கினால் கோடு இறுகி நன்றாக வரும். அதன் மேல் தூரிகையாலோ நிப் பேனாவாலோ கறுப்பு மை. மை காய்ந்த பிறகு பென்சில் கோடுகளை அழிறப்பரால் அழிப்பார்கள். இதோடு கதை சொல்லி முடிந்துவிட்டது. கலர் இதற்குப் பிறகுதான்.

டின்டின் கதைகளை வரைந்த பெல்ஜியக்காரர் எர்ஜேயின் ஸ்டூடியோவில் கலருக்குத் தாளே வேறு. மங்கலான நீலத்தில் அச்சடித்த பிரதியில் கலர் பூசுவார்கள். கறுப்புக் கோடு தனியாக ஒரு கண்ணாடித் தாளில் இருக்கும். கலர் எவ்வளவு பூசினாலும் கோடு கெடாது. இன்று கம்ப்யூட்டரில் கோட்டை ஒரு அடுக்கிலும் கலரை இன்னொரு அடுக்கிலும் வைப்பதும் அதே யோசனைதான்.

எங்கள் போட்டிகளில் நடப்பது தலைகீழ். கோடு எங்கே என்று தெரியாத அளவுக்குப் பஸ்டலை அப்பினால் "ஆ, என்ன வடிவு" என்கிறோம். இப்போது இன்னொன்றும் சேர்ந்துவிட்டது. போனில் ஒரு வசனம் எழுதினால் படம் வருகிறது. அதைப் பிரின்ட் எடுத்து ஜன்னல் கண்ணாடியில் வைத்துக் கோடு எடுத்து, கலர் பூசிக் கொண்டுவருகிறார்கள். பிள்ளையைக் குறை சொல்லவில்லை. எடுத்துக்கொடுப்பவர்கள் பெரியவர்கள்.

ஆகவே போட்டி நடத்தும் சங்கங்களுக்கும் ஆசிரியர்களுக்கும் என் யோசனை இது. ஒரே படத்துக்குப் பதிலாக நான்கு கட்டத்தில் ஒரு கதை கேளுங்கள். முதல் கிறுக்கல் தாளையும் இணைக்கச் சொல்லுங்கள். நூறில் எழுபது புள்ளியைக் கலர் பூசும் முன்பே, பென்சிலுக்கும் கறுப்புப் பேனாவுக்கும் போட்டுவிடுங்கள். ஒரு பென்சில், ஒரு கறுப்புப் பேனா எந்த லயத்துப் பிள்ளையிடமும் இருக்கும்.

என்ன கதை வரையும் என்று கேட்கிறீர்களா? விடியற்காலைப் பிரட்டு, மடுவத்தில் கொழுந்து நிறுப்பது, தராசு முள்ளைப் பார்க்கும் அம்மாவின் முகம். கட்டத்துக்குக் கட்டம் அந்த முகம் மாறுவதைக் காட்டப் பச்சைப் பஸ்டல் தேவையில்லை. பனியைக் காட்டவும் கலர் வேண்டாம். கிட்டத்து மரத்தைக் கறுப்பாக்கி, பின்னால் உள்ள மலைக்கு மெல்லிய கோடு போட்டு, இடையில் தாளை வெள்ளையாகவே விட்டால் பனி தானாக இறங்கிவிடும்.

எங்கள் முஸ்லிம் வீடுகள் சிலவற்றில் உயிருள்ளவற்றை வரைவது பற்றித் தயக்கம் உண்டு. அதை மதிக்கிறேன், இங்கே வாதாட வரவில்லை. அந்தப் பிள்ளைகளுக்கும் இந்த முறையில் இடம் இருக்கிறது. திறந்த கதவு, வாசலில் ஒரு ஜோடி செருப்பு, அடுத்த கட்டத்தில் செருப்பு இல்லை, அதற்கடுத்ததில் மழை பெய்யும் வெறும் ரோடு. ஆளே இல்லாமல் ஒருவர் போய்விட்டார் என்று சொல்லியாயிற்று.

"சித்திரம் படிச்சு என்ன செய்யப் போறான்" என்று கேட்கும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பதினொரு பேர் சொன்னதை நான்கு கட்டத்துக்குச் சுருக்கத் தெரிந்த பிள்ளைக்குத் தமிழ்க் கட்டுரையும் வரலாற்று விடையும் எழுத வரும். வகுப்பில் பார்த்துத்தான் சொல்கிறேன்.

அடுத்த போட்டியை யார் நடத்துகிறீர்களோ, கீழே எழுதுங்கள். கிறுக்கல் தாள்களுக்குப் புள்ளி போடும் வேலையை நான் செய்து தருகிறேன், சம்பளம் வேண்டாம், பிளேன்டீ போதும்.