கம்பி ஒன்று போதும். முகவரி ஒன்று போதுமா?

ஒரு வீட்டில் இரண்டு கணிப்பொறிகள் இருக்கின்றன. வீட்டுக்குள் வரும் இணைய இணைப்போ ஒன்றே ஒன்றுதான். ஒன்றில் அக்காள் பாடம் கேட்கிறாள். மற்றொன்றில் தம்பி கிரிக்கெட் பார்க்கிறான். இருவருக்கும் தகவல் தடையின்றி வந்து சேருகிறது. இங்கே நடப்பது ஒரு பகிர்வு அல்ல, இரண்டு பகிர்வுகள். ஒன்று, கம்பியைப் பகிர்தல். மற்றொன்று, முகவரியைப் பகிர்தல். முதலாவது மிக நல்ல ஏற்பாடு. இரண்டாவதோ, பற்றாக்குறைக் காலத்தில் போட்ட ஒட்டுத்துணி. அந்த ஒட்டையே நல்ல துணி என்று நாம் எண்ணிவிடக் கூடாது என்பதே என் கருத்து. அது ஏன் என்று பார்ப்போம்.

முதலில் கம்பியை எடுத்துக்கொள்வோம். விநாடிக்கு 100 மெகாபிட் கொண்டுவரும் இணைப்பை இருவர் பகிர்ந்தால் ஆளுக்கு 50 என்று பாத்தி கட்டிவிடுவதில்லை. இணையத்தில் தகவல் சிறு சிறு பொட்டலங்களாகச் செல்கிறது. அக்காள் ஒரு பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் அவளுக்காக எந்தப் பொட்டலமும் வருவதில்லை. அப்போது கம்பி முழுவதும் தம்பிக்கே. இருவரும் ஒரே சமயத்தில் பெரிய கோப்புகளை இறக்கும்போதுதான் போட்டி ஏற்படும். ஆகவே, ஆளுக்கொரு கம்பி இழுப்பது வீண் செலவு.

இனி முகவரி. இணையத்தில் பேசும் ஒவ்வொரு கணிப்பொறிக்கும் ஓர் எண் முகவரி வேண்டும். 1981-இல் வகுக்கப்பட்ட நான்காம் பதிப்பு விதிகளின்படி அந்த முகவரி 32 பிட் நீளமுடையது. 2-ஐ 32 முறை பெருக்கினால் ஏறத்தாழ 429 கோடி. அன்றைய உலக மக்கள் தொகையே சுமார் 450 கோடி! அந்நாளில் கணிப்பொறி என்பது பல்கலைக்கழகங்களிலும் ஆய்வுக்கூடங்களிலும் பெரிய அலுவலகங்களிலும் இருந்த பொருள். வீட்டுக்கு இரண்டு வரும் என்று யார் எண்ணியிருப்பார்கள்?

1990-களில் பற்றாக்குறை கண்ணுக்குத் தெரியத் தொடங்கியது. 1994-இல் எகவாங், பிரான்சிஸ் என்னும் இருவர் ஓர் உபாயத்தை வெளியிட்டனர். அதனை மாணவர் விடுதி ஒன்றைக் கொண்டு விளக்கலாம். விடுதி மாணவர்கள் எழுதும் கடிதங்களையெல்லாம் வாயிலில் உள்ள எழுத்தர் வாங்குகிறார். அனுப்புநர் இடத்தில் உள்ள அறை எண்ணை அடித்துவிட்டு, விடுதியின் முகவரியையும் ஓர் அடையாள எண்ணையும் எழுதுகிறார். எந்த அறைக்கு எந்த அடையாள எண் என்று பேரேட்டில் குறித்துக்கொள்கிறார். பதில் வந்ததும் பேரேட்டைப் பார்த்து உரிய அறைக்குக் கொடுக்கிறார். உங்கள் வீட்டு ரௌட்டர் என்னும் சிறு பெட்டி செய்வதும் இதுவே. அதன் அடையாள எண்ணுக்குப் போர்ட் எண் என்று பெயர். அது 16 பிட் எண்ணாகையால் 65,536 வரை எண்ணிக்கை கிடைக்கும். 1999-இல் வந்த விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பில், ரௌட்டர் இல்லாமலே ஒரு கணிப்பொறி மற்றொன்றுக்கு எழுத்தராக இருக்கும் வசதி சேர்க்கப்பட்டது. ஆனால் முதல் கணிப்பொறியை அணைத்தால் இரண்டாவதற்கும் இணைப்புப் போய்விடும்!

நீங்களே ஒரு சோதனை செய்து பாருங்கள். வீட்டுக் கணிப்பொறியின் முகவரியைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். நண்பர் வீட்டிலும் அவ்வாறே செய்யச் சொல்லுங்கள். பெரும்பாலும் இரண்டுமே 192.168 என்று தொடங்கும். 1, 2, 3, 4 என்று எல்லா விடுதிகளிலும் அறை எண்கள் இருப்பதைப் போன்றவை இவை. வெளியுலகில் இவற்றுக்கு மதிப்பில்லை.

உபாயம் அழகானதுதான். பின் குறை என்ன? எழுத்தருக்கு ஒரு கடிதம் வருகிறது. அது எதற்கும் பதிலாக வந்ததல்ல, புதுக் கடிதம். பேரேட்டில் குறிப்பு இல்லாததால் எந்த அறைக்கு என்று அவருக்குத் தெரியாது. குப்பைக் கூடையில் போட்டுவிடுகிறார். அதாவது, உங்கள் கணிப்பொறி வெளியே கேட்கலாம். வெளியிலிருந்து அதை யாரும் அழைக்க முடியாது. நீங்கள் எடுத்த மழை அளவுகளை உங்கள் கணிப்பொறியில் வைத்து, அடுத்த ஊர் மாணவர் நேரே வந்து பார்க்கும்படி செய்ய விரும்பினால் கதவு மூடியிருக்கும். இருவரும் இத்தகைய வீடுகளில் இருந்தால், உங்களுக்குள் அறிமுகம் செய்துவைக்க மூன்றாவது கணிப்பொறி ஒன்று வேண்டும். சில சமயம் பேச்சு முழுவதுமே அதன் வழியாகத்தான் போகவேண்டியிருக்கும்.

வீட்டு ரௌட்டரில் இந்த அறைக்கு இந்த எண் என்று நீங்களே நிலையாக எழுதிவைக்க வழி உண்டு. ஆனால் 2011 பிப்ரவரியில் உலகப் பொதுக் கையிருப்பில் இருந்த கடைசி முகவரித் தொகுதிகளும் பங்கிடப்பட்டுவிட்டன. அதன் பின் இணைப்பு வழங்கும் நிறுவனங்கள் பலவும் பல வீடுகளைச் சேர்த்து ஒரே முகவரியின் கீழ் வைக்கின்றன. அங்குள்ள பேரேடு உங்கள் கையில் இல்லை. அண்டை வீட்டார் ஒருவரின் தவறுக்காக ஓர் இணையதளம் அந்த முகவரியைத் தடைசெய்தால் நீங்களும் தடைபடுவீர்கள்.

"மூடிய கதவு பாதுகாப்பல்லவா?" என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வி. ஆனால் பாதுகாப்பைத் தருவது முகவரி மாற்றம் அன்று. அழைக்காத பொட்டலத்தை உள்ளே விடாத காவல் விதி. அந்த விதியைத் தனி முகவரி உள்ள வீட்டிலும் வைத்துக்கொள்ளலாம். வேறுபாடு இதுதான்: பூட்டும் கதவை நாம் விரும்பும்போது திறக்கலாம், சுவரைத் திறக்க முடியாது.

மாற்று வழி ஏற்கெனவே இருக்கிறது. 1990-களிலேயே வகுக்கப்பட்ட ஆறாம் பதிப்பு விதிகளில் முகவரி 128 பிட் நீளமுடையது. இதில் ஒரு வீட்டுக்கு ஒதுக்கும் மிகச் சிறிய பங்கே, பழைய முகவரிகளின் மொத்த எண்ணிக்கையை அதே எண்ணால் பெருக்கிய தொகை! நம் நாட்டில் கைப்பேசி இணைப்புகளில் இது பெருமளவு வந்துவிட்டது. வீட்டுக் கம்பி இணைப்புகளில் இன்னும் எல்லா இடங்களுக்கும் வரவில்லை. ஒட்டுத்துணி நன்றாகவே வேலை செய்ததால் புதுத் துணி வாங்கும் அவசரம் குறைந்துவிட்டது. விஞ்ஞான வரலாற்றில் தற்காலிக ஏற்பாடுகள் நிலைத்துப்போவது இப்படித்தான்.

இணைப்பு வழங்குவோர் ஒவ்வொரு வீட்டுக்கும் ஆறாம் பதிப்பு முகவரிகளைத் தர வேண்டும். காவல் கதவின் சாவியையும் வீட்டாரிடமே தர வேண்டும். உங்கள் வீட்டில் அது உண்டா என்று பெற்றோரைக் கொண்டு கேளுங்கள். கணிப்பொறிப் பாடத்தில் முகவரி எப்படிப் பகிரப்படுகிறது என்பதையும் சொல்லித்தருமாறு ஆசிரியரிடம் கேளுங்கள். பிறர் தருவதைப் பெறுவதற்கு மட்டும் இணையம் உண்டாக்கப்படவில்லை. உங்களிடமும் உலகுக்குச் சொல்ல ஏதேனும் இருக்கும். அதைக் கேட்க வருபவருக்கு உங்கள் வீட்டு முகவரி தெரிந்திருக்க வேண்டாமா?